விற்ற சைக்கிளும் ஓடுகிறது

“ப்ளஸ் ஒன்னில் அரசு தரும் இலவச சைக்கிளை வீட்டார் பாதி விலைக்கு விற்றுவிடுகிறார்கள், ஆகவே திட்டமே வீண்.” ஜெயங்கொண்டத்தில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சிலர் விற்கிறார்கள், மறுக்கவில்லை. அந்த ‘ஆகவே’தான் தவறு.

ஒன்று. விற்ற சைக்கிள் எங்கே போகிறது? வாங்கியவர் அதில்தான் கட்டட வேலைக்கும் முந்திரிக் கொல்லைக்கும் போகிறார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தொண்டர்கள் பழைய சைக்கிள்களைத் திரட்டி ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். அதைச் சேவை என்கிறோம். உடையார்பாளையத்தில் கைமாறினால் மட்டும் வீணா?

இரண்டு. கடை வாசலில் விற்பனைக்கு நிற்கும் பத்து சைக்கிள் உங்கள் கண்ணில் படுகிறது. காலை எட்டரைக்கு மீன்சுருட்டிச் சாலையில் நின்று, பள்ளிக்கு மிதித்துப் போகும் பிள்ளைகளை ஒரு நாளாவது எண்ணியதுண்டா?

மூன்று. சைக்கிள் பலன் தருகிறது என்பது வெறும் நம்பிக்கை இல்லை. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கியது, பிறகு எல்லோருக்கும் விரிந்தது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதன் விளைவைப் பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள்: உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினர், ஆண்–பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பஸ் தவறினால் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் ஆண்டிமடம் பெண்ணுக்கு இது பொருந்தாதா?

நான்கு. குறை சொல்ல வேண்டுமா? கல்வியாண்டு பாதி ஓடிய பிறகு சைக்கிள் வந்தால் கேளுங்கள். பிரேக் பிடிக்காவிட்டால் கேளுங்கள். ஜூன் மாதமே, ஓட்டும் நிலையில் கொடு என்று கேளுங்கள். நிறுத்து என்று கேட்காதீர்கள்.