பாவை செய்தவன் பங்கு எங்கே?

பகலெல்லாம் செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் ஒருவர், இரவில் விளக்கடியில் அமர்ந்து வீடியோ விளையாட்டு வீரர்களின் ரெசின் பாவைகளுக்கு வர்ணம் தீட்டுகிறார் என்றால் ஊரார் நகைக்கத்தான் செய்வர். "பிள்ளை வைத்து விளையாட வேண்டிய பொம்மையைத் தகப்பன் வைத்துக்கொண்டிருக்கிறான்" என்று நம்மைப் பழிப்போரும் உண்டு. அந்நகைப்புக்கு நாம் அஞ்சவில்லை. கல்லில் செதுக்கினால் சிற்பம், ரெசினில் வார்த்தால் பொம்மை என்னும் பேதைமைக்கு மறுமொழி கூறவும் இன்று நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. நாம் கண்டிக்க வந்தது வேறொன்று. இக்கலையில் பற்றுக் கொண்டோர் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து, வெட்கமின்றி உலவும் கள்ள வார்ப்பையே கண்டிக்க வந்தோம்.

ரெசின் என்றவுடன் மரத்தில் வடியும் பிசினை நினைத்துவிட வேண்டா. இது பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருள். இரண்டு திரவங்களை அளவறிந்து கலந்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். பாவை செய்வோன் முதலில் களிமண்ணிலோ புட்டியிலோ, இக்காலத்தில் கணினியிலோ, உருவை அமைக்கிறான். தலை, உடல், கை, கால் எனப் பிரித்து, சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்செடுக்கிறான். அவ்வச்சில் ரெசினை வார்க்கிறான். அச்சோ நெடுநாள் தாங்குவதன்று. சில பத்து வார்ப்புகளுக்குள் தேய்ந்து கிழிந்து போகும். வாங்குவோனுக்குக் கிடைப்பதும் வர்ணமற்ற துண்டுகளே. அவற்றைக் கழுவி, அராவி, பித்தளைக் கம்பி செருகிப் பொருத்தி, வர்ணம் தீட்டி உயிர் கொடுப்பது அவன் பொறுப்பு.

இம்முறை தழைத்த நாடு ஜப்பான். கடையில் தாம் விரும்பிய உருவம் கிடைக்காத இளைஞர்கள், 1980-களின் தொடக்கத்தில் தாமே வார்க்கத் தலைப்பட்டனர். மோட்டார் வண்டிக் கொட்டகையிலேயே செய்யத்தக்க வேலை என்னும் பொருளில் அதற்குக் 'கராஜ் கிட்' என்று பெயர் வந்தது. அவர்கள் கைவேலைக்கென 'வொண்டர் ஃபெஸ்டிவல்' என்னும் சந்தை 1985-இல் முறையாகத் தொடங்கிற்று. 1992 முதல் அதனை நடத்தி வருவது, 1964-இல் ஒசாகாவை அடுத்த ஊரில் ஒரு சிறு கடையாகப் பிறந்த கையோடோ நிறுவனம். இன்று அச்சந்தை சீபா மாநிலத்து மகுஹாரி மெஸ்ஸே மண்டபங்களில் ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது.

அச்சந்தையில் நாம் மெச்சத்தக்க ஓர் ஒழுங்கு உண்டு. 1991-இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில் சுன்-லீ என்னும் வீராங்கனையை அறியாதார் யார்? அத்தகைய ஓர் உருவைப் பாவையாக்கி விற்க விரும்புவோன், உரிமையாளரிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து, உருவைக் காட்டி, இசைவு பெறுதல் வேண்டும். இசைவு கிடைத்தால், அந்த ஒரு நாள், அந்த மண்டபத்திற்குள், குறித்த அளவு விற்கலாம். உருவைப் படைத்தவனுக்கும் மதிப்பு. பாவையைச் செதுக்கியவனுக்கும் வருவாய். சிறியோனும் பெரியோனும் ஒரே கூரையின்கீழ் நேர்மையாய்க் கொள்வினை கொடுப்பினை செய்யும் ஏற்பாடு இது.

கள்ள வார்ப்புக்காரன் செய்வது யாது? அச்சந்தைப் பாவை ஒன்றை விலைக்கு வாங்குகிறான். அதன் மேலேயே சிலிக்கோனை ஊற்றிப் புதிய அச்செடுக்கிறான். பல மாதம் கண் வருந்திச் செதுக்கியவன் பெயரை மறைத்து, குறைந்த விலைக்கு உலகெங்கும் விற்கிறான். செதுக்கியவனுக்கு ஒரு காசும் இல்லை, உரிமையாளருக்கும் இல்லை. இதனை வாங்குவோரோ, "மலிவாய்க் கிடைத்தது" என்று மார்தட்டுகின்றனர்!

ஒளிப்பானேன்? நாமும் ஒருகால் இப்பிழையைச் செய்தோம். மலிவு கண்டு மயங்கி ஒரு பெட்டியைத் தருவித்தோம். விரல் நுனிகளில் காற்றுக் குமிழிகள். முகத்தில் கூர்மை இல்லை. தொடையும் இடுப்பும் பொருந்தவில்லை. வார்ப்பின்மேல் வார்ப்பெடுத்தால் உருவம் சிறிது சுருங்கும் என்பதை அன்றுதான் கையால் அறிந்தோம். இரு வாரம் புட்டி பூசிக் குறைகளை மறைத்துக்கொண்டிருந்தோம்.

அந்நாட்களில் ஒரு காலை, பெரட்டு முடிந்தபின் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவர் நம் மேசை முன் வந்து நின்றார். முதல் நாள் அவர் வெட்டிய குலைகள் வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தன. பிழை நம்முடையதே. "கிராணி ஐயா, வெட்டினது நான், பேரு அவனுதா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. நாம் தலைகுனிந்து கணக்கைத் திருத்தினோம். அன்றிரவு வீட்டுக்கு வந்து அப்பாவையைக் கையிலெடுத்தபோது, அதே கேள்வியை அதுவும் கேட்டது. ஜப்பானில் எவனோ ஒருவன் வெட்டிய குலையை வேறொருவன் பெயரில் பதிந்தவர் நாமல்லவா? அதன்பின் அத்தகைய வார்ப்பை நாம் தீண்டவில்லை.

"ஏழை என்ன செய்வான்? அசல் விலை மிகுதி" என்பர் சிலர். விலை ஏன் மிகுதி? செய்வது சிலவே, செய்வோன் ஒருவனே. அரிசிக்கும் மருந்துக்கும் இவ்வாதம் பொருந்தலாம். பாவை இல்லாமல் எவனும் பட்டினியால் மாய்ந்ததில்லை. மேலும், இவ்வாதத்தை நம்மிடம் கூறினோரில் அலமாரி நிறையக் கள்ள வார்ப்புகளை அடுக்கியோரே மிகுதி. பத்துக் கள்ளப் பாவைக்குக் கொடுத்த பணத்தில் அவர்கள் இரண்டு அசலேனும் வாங்கியிருக்கலாம்.

"செதுக்கியவனும் விளையாட்டு நிறுவனத்தின் உருவைத்தானே எடுத்தான்?" என்பர் வேறு சிலர். கேட்டு எடுப்பதும் கேளாமல் எடுப்பதும் ஒன்றாமோ? அவன் இசைவு கேட்டான்; தன் கையுழைப்பையும் சேர்த்தான். கள்ள வார்ப்புக்காரன் கேட்டதும் இல்லை, சேர்த்ததும் இல்லை.

"ஒரு நாள்தான் விற்பனை, கடல் கடந்து நாம் எங்ஙனம் செல்வது?" என்பது மூன்றாம் வாதம். இதில் நியாயம் உண்டென்பதை ஒப்புகிறோம். அவ்வொழுங்கு தொலைவில் உள்ளோர்க்குக் கடினமே. ஆனால் கதவு குறுகலாயிருந்தால் அகலப்படுத்துமாறு வீட்டுக்காரனைக் கேட்க வேண்டும்; சுவரில் கன்னம் வைப்பதா? இசைவின் காலத்தை நீட்டுமாறு உரிமையாளர்களுக்கு எழுதுவோம். இசைவுடன் வெளிநாட்டுக்கு அனுப்புவோரைத் தேடி ஆதரிப்போம். கிடைக்கவில்லையெனில் காத்திருப்போம்.

இளைஞர்களே! இனிப் பாவை வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். செதுக்கியவர் யார்? யார் இசைவால் விற்கப்படுகிறது? இவ்வளவு மலிவு எப்படி வந்தது? விற்பவன் விழித்தால், பணத்தை மடியிலேயே வையுங்கள். அதனினும் மேலான வழி, நீங்களே ஒரு சிறு உருவைச் செதுக்கி வார்த்துப் பார்ப்பது. முகமூடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்; ரெசின் ஆவியும் தூசும் மூச்சுக்குக் கேடு. முதல் வார்ப்பு கோணலாகவே வரும். வரட்டும். பத்து இரவு விழித்து ஒரு விரலைச் செதுக்கியவன், பிறன் செதுக்கிய கையைத் திருடத் துணியான்.

தோட்டத்தில் நம் நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் நாம் பொறுப்பதில்லை; பொறுக்கவும் கூடாது. அந்த நியாயத்தைக் கடலுக்கு அப்பால் உள்ள கைவினைஞனுக்கு மட்டும் மறுப்பது எந்த முறையில் சேரும்? வெட்டினவன் பெயரிலேயே குலை பதியப்படட்டும். செதுக்கியவன் கைக்கே காசு போய்ச் சேரட்டும்!