ஊசிக்கு ஓய்வு நேரம் உண்டா?



"இந்த வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர்?" என் கையில் ஊசியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது இது. மார்கழியிலும் ஃபேன் ஓடும் சென்னை வீட்டில் இந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் பின்னல் என்றால் ஸ்வெட்டர் மட்டும்தானா?

இப்போது என் கூடையில் இரண்டு வேலைகள் கிடக்கின்றன. தங்கை மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கு குரோஷாவில் ஒரு போர்வை. குன்னூரில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரு ஸ்வெட்டர். ஸ்வெட்டரில் முன்னும் பின்னும் முடிந்துவிட்டது, கைகள் பாக்கி. (கைகள் எப்போதும் பாக்கிதான். ஒன்றை முடித்ததும் 'இதே மாதிரி இன்னொன்றா?' என்று வரும் அலுப்பு, பின்னுகிறவர்களுக்குத் தெரியும்.)

போர்வைக்குப் பருத்தி நூல்தான் எடுத்தேன். கடையில் 'உல்லன்' என்று கேட்டால் பளிச்சென்ற நிறங்களில் உருண்டை உருண்டையாக எடுத்துப் போடுவார்கள். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அக்ரிலிக்தான், ஆட்டு ரோமம் துளியும் இருக்காது. அக்ரிலிக் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். விலை குறைவு, துவைப்பது சுலபம். ஆனால் அது வேர்வையை உறிஞ்சாது. நம் ஊர் வெயிலில் பிள்ளையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வந்தால் பாடு யாருக்கு? தீப்பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் துவண்டுபோகும், பழையபடி ஆகாது.

குழந்தைக்குப் பின்னும்போது டிசைனிலும் கவனம் வேண்டும். பெரிய ஓட்டைகளில் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். அதனால் நெருக்கமான பின்னல்தான் நல்லது. மணி, குஞ்சம், பொத்தான் எதுவும் வேண்டாம். போட்டோவில் அழகாகத்தான் இருக்கும், பிள்ளை அதை வாயில் வைக்கும்வரை.

பருத்தியிலும் குறை உண்டு. கனம் அதிகம், இழுபட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. அதில் பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் பின்னினால் நாலு துவைப்பில் தோள் தொங்கிவிடும். அதனால்தான் குன்னூருக்கு நிஜ ரோமத்தில் பின்னுகிறேன். மலைப் பனியில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் அது கதகதப்பு தரும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் மட்டும் சுருங்கிக் கெட்டியாகிவிடும் என்று நாத்தனாரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆட்டின ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் ஒன்று உண்டு. இருந்தும் சென்னைக் கடையில் எனக்குக் கிடைப்பது லூதியானா நூல்!

சரி, பின்னிக்கொண்டே படித்த ஒரு புத்தகத்துக்கு வருவோம். ஊசி கையில் இருக்கும்போது எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். ஒரே மாதிரி வரிசைகள் ஓடும்போது விரலே வழி பார்த்துக்கொள்ளும், கண்ணுக்கு வேலை இல்லை. புத்தகத்தைச் சாய்த்துவைத்து, பக்கம் மூடாமல் இருக்கக் கரண்டி ஒன்றைக் குறுக்கே வைத்தால் போதும்.

அப்படிப் படித்ததுதான், ஆந்திராவின் நரசாப்பூர் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் எழுதி 1982-ல் வந்த புத்தகம். கோதாவரிக் கரை ஊர்களில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா லேஸ், வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் சரக்காக வளர்ந்த கதை. ஏஜென்ட் வீட்டுக்கு நூல் கொண்டுவருவார், முடிந்ததை வாங்கிப்போவார். ஒருத்தி பூ பின்னுவாள், இன்னொருத்தி அவற்றை இணைப்பாள். வெளிநாட்டுக்குப் போகும் பொருளைச் செய்கிற அந்தப் பெண்களுக்கு என்ன பெயர்? 'இல்லத்தரசிகள்.' வேலைக்கு என்ன பெயர்? 'ஓய்வு நேரக் கைவேலை.' ஓய்வு நேரம் என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைப்பது எவ்வளவு சுலபம்! விற்கிற ஆண் வியாபாரி ஆகிறார், பின்னுகிற பெண் தொழிலாளியாகக்கூட ஆவதில்லை என்று மீஸ் காட்டுகிறார். எனக்கு அங்கே ஊசி நின்றுவிட்டது.

நம் நாகர்கோவிலில் லேஸுக்கு வேறொரு கதை உண்டு. 1819-ல் அங்கே வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண் குழந்தைகளுக்கான பள்ளியில் லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. லேஸில் சம்பாதித்த காசைக் கொடுத்து அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்பது மிஷன் வரலாற்றில் இருக்கிறது. நூலும் விரலும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். காசு யார் கைக்கு எவ்வளவு வந்தது என்பதில்தான் வித்தியாசம்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது?

கைவேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 2016 ஜனவரி 31-ல் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் சேர்ந்து, 11,148.5 சதுர மீட்டர் போர்வையைச் சென்னையில் விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அத்தனை விரல்கள் இருக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் குழந்தைக்கு ஃப்ராக் கேட்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "சும்மா டிவி பார்த்துக்கிட்டே பின்றதுதானேக்கா, நூலுக்கு மட்டும் எவ்வளவுன்னு சொல்லுங்க."

ஒரு கணக்குப் போடுவோம். நூல் 300 ரூபாய், வேலை 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு வெறும் 50 ரூபாய் என்றாலும் மொத்தம் 1,300 ஆகிறது. அந்தத் தொகையைச் சொன்னதும் கேட்டவர் முகம் மாறிவிடும். லைனிங் பிளவுஸுக்குத் தையல்காரர் கேட்கும் கூலியை மறுபேச்சில்லாமல் கொடுப்பதும் நாம்தானே? அவர் கடை போட்டிருக்கிறார், அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அது ஒன்றுக்காகக் கூலி இல்லையா?

அன்பளிப்பாகப் பின்னுவது வேறு. என் பேரப்பிள்ளைக்கு நான் பில் போடப்போவதில்லை! ஆனால் விற்கிறவர்கள் கூச்சப்படாமல் நேரத்தையும் சேர்த்து விலை சொல்லுங்கள். வாங்குகிறவர்கள் பேரம் பேசும் முன் எத்தனை நாள் வேலை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதழிலும் ஒரு மாற்றம் செய்கிறோம். அடுத்த மாதம் வரும் பருத்தி ஃப்ராக் பேட்டர்னில், நூல் அளவு, ஊசி நம்பரோடு சுமார் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் அச்சிடப்போகிறோம். இனி எல்லாப் பேட்டர்னிலும் அது இருக்கும். பின்னிப் பார்த்து, நாங்கள் போட்ட நேரம் போதவில்லை என்றால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம். அந்த ஃப்ராக்குக்கு நூல் 4 பிளை. தேவையான அத்தனை உருண்டைகளையும் ஒரே லாட் நம்பரில் வாங்கிவிடுங்கள். அடுத்த லாட்டில் சாயம் கொஞ்சம் மாறியிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்