விதையும் நூலும் நம் கையில் இருக்கட்டும்

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. கணக்கே பார்க்காதே என்று குடியானவருக்குச் சொன்ன ஆறுதல் மொழியாகவே இதனைப் பலர் கொள்கின்றனர். கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் இதனை வேறு விதமாகக் கொள்ளுதல் வேண்டும். உழக்கு ஏன் மிஞ்சவில்லை, அது யார் வீட்டுக்குப் போயிற்று என்று கேட்பதே கூட்டுறவின் தொடக்கமாகும்.

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் ஒரு சம்பாப் பட்டத்தின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். விதை கடையிலிருந்து வருகிறது. உரமும் பூச்சிமருந்தும் கடையிலிருந்தே, அதுவும் பல வீடுகளில் கடனுக்கு வருகின்றன. உழவுக்கும் அறுப்புக்கும் இயந்திர வாடகை தனி. நெல் களத்துக்கு வருமுன்பே அதன் விலையில் பெரும் பங்கு பிறருக்கு உரியதாகிவிடுகிறது. மீஞ்சூர்ப் பக்கத்திலோ இன்னுமொரு துன்பம் உண்டு. சென்னை நகரின் தேவைக்காக 1960-களின் இறுதியிலிருந்து நிலத்தடி நீர் ஏராளமாக இறைக்கப்பட்டமையால், கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உப்பாயின.

இந்நிலையில் வீட்டு வாலிபர்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியை நாடிச் செல்வதில் வியப்பில்லை. அதனை நாம் குறைகூறவுமில்லை. ஆயினும், அந்தக் கூலி நின்றுபோகும் நாளில் திரும்பி வந்து நிற்க ஓர் இடம் வேண்டும். கடனில் மூழ்காத நிலமே அவ்விடமாகும்.

கிராமத்து வறுமையை நீக்க நிலைத்த வேளாண்மையே வழி என்று கூறித் தொண்டு நிறுவனங்கள் பல உழைத்து வருகின்றன. அவற்றின் பணி மெச்சத்தக்கது. ஆனால் அப்பணியின் உயிர்நாடி எது என்பதை நம்முள் நெசவாளர்களே எளிதில் உணர்வர். அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் தறியில் அமர்ந்தவர்களின் வரலாறு என்ன? நூல் கொடுத்தவரே கூலியை நிர்ணயித்தார். துணியையும் அவரே எடுத்துக்கொண்டார். தறி தன்னுடையதாயினும் நெசவாளி தன் தொழிலுக்கு எஜமானன் அல்லன். இந்தப் பிடியைத் தளர்த்தவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. கோ-ஆப்டெக்ஸ் என இன்று வழங்கும் தலைமைச் சங்கம் 1935-இல் அமைந்தது. சங்கம் வந்ததும் வறுமை முழுதும் ஒழிந்துவிட்டதென்று எவரும் கூறார். எனினும், நூலைச் சங்கத்தில் வாங்கித் துணியைச் சங்கத்தில் கொடுக்கும் நெசவாளி பேரம் பேசும் நிலைக்கு உயர்ந்தார்.

நெசவாளிக்கு நூல் எதுவோ, அதுவே குடியானவருக்கு விதை. இதனைக் கண்டுணர்ந்து செய்து காட்டியவர் ‘நெல்’ ஜெயராமன். 2006 முதல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், குடியானவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் வழங்கப்பட்டது. மறு ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். இரண்டுக்கு நான்கு என்பது கந்துவட்டிபோல் தோன்றலாம். ஆனால் இரண்டு கிலோ விதையின் விளைச்சல் அதனினும் பன்மடங்கு. மிகுதியாகத் திரும்பும் இரண்டு கிலோவோ வேறொரு குடியானவரின் வயலுக்குப் போகிறது. அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் பரப்பிய நூற்றுக்கும் மேற்பட்ட நெல் வகைகள் மறையவில்லை.

நமக்கு அண்மையிலேயே, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய பாரம்பரிய அறிவியல் மையம், 1990-களிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்துக் குடியானவர்களிடையே விதை சேமிப்பையும் இயற்கை வேளாண்மையையும் வளர்த்து வந்துள்ளது. பின்னர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் குடியானவர்களே பங்குதாரர்களாக உள்ள ‘வளநாடு’ உற்பத்தியாளர் கம்பெனி உருவாகவும் அது துணைநின்றது. கற்றுக்கொடுப்பது மட்டும் போதாது, வாங்கவும் விற்கவும் குடியானவருக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்பதே இதன் பொருள்.

பழையது யாவும் நன்று, புதியது யாவும் தீது என்பது நம் கட்சியன்று. நம் மாவட்டத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1952-இல் அளித்த டி.கே.எம். 6 என்னும் வகையே, பிற்காலத்தில் நாடெங்கும் புகழ்பெற்ற ஐ.ஆர். 20 நெல்லுக்கு ஒரு பெற்றோராயிற்று. பழைய விதை அழிந்திருந்தால் புதிய விதைக்கு வழியில்லை. எனவே ஆராய்ச்சி நிலையத்தையும் பாரம்பரிய விதையையும் எதிரெதிராக நிறுத்துதல் அறிவுடைமையன்று.

அவசரமும் ஆகாது. இலங்கையில் 2021-ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, குடியானவர்கள் தெருவுக்கு வந்தனர், அவ்வாண்டு முடியுமுன்பே தடை தளர்த்தப்பட்டது. மண் பழகச் சில பருவங்கள் வேண்டும். அப்பருவங்களில் விளைச்சல் குறையக்கூடும். அந்த நஷ்டத்தை அரை ஏக்கர் குத்தகைக்காரர் தனியே தாங்க முடியாது. தொண்டு நிறுவனமோ நன்கொடைப் பணம் உள்ளவரைதான் உடனிருக்கும். திட்டக் காலம் முடிந்ததும் அதன் ஊழியர் வேறூர் செல்வர். அதன்பின் ஊரில் நிலைத்திருப்பது சங்கம் ஒன்றே. ஆகவே தொண்டர்கள் தொடங்கியதைச் சங்கம் ஏற்று நடத்துதல் வேண்டும் என்பது எமது உறுதியான அபிப்பிராயம்.

இது நமக்கு இயலாத காரியமா? 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், நம் திரூரிலேயே விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. கூட்டுறவின் முதல் நாற்றங்கால் நம் மண்ணிலேதான் இருந்தது.

அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் யோசிப்பதற்காகச் சிலவற்றைக் கூறுகிறோம். முதலாவது, ஒவ்வொரு சங்கக் கிடங்கிலும் விதைநெல்லுக்கென ஒரு பகுதி ஒதுக்கி, இரண்டுக்கு நான்கு என்னும் முறையில் விதைக் கடன் வழங்கலாம். தக்கைப்பூண்டு, சணப்பு விதைகளையும் அவ்வாறே வழங்கின் உரச்செலவு குறையும். இரண்டாவது, புதிய முறையை முதலில் நிலத்தின் கால் பங்கில் மட்டும் செய்து பார்க்கட்டும். அப்பகுதிக்குரிய கடனைத் திருப்பச் சங்கம் கூடுதல் தவணை கொடுக்கட்டும். பட்டா இல்லாத குத்தகைக்காரரை இதில் விட்டுவிடுதல் கூடாது. அவரே மிக ஏழை. மூன்றாவது, விளைந்த அரிசிக்குச் சந்தை அருகிலேயே இருக்கிறது. நெசவாளர் சங்கத்து வீடுகளும் தொழிற்பேட்டைச் சிற்றுண்டிச் சாலைகளும் அரிசி வாங்குகின்றன. அரிசியை நெசவாளர் வாங்கட்டும்; வேட்டியையும் புடவையையும் குடியானவர் நெசவாளர் சங்கத்தில் வாங்கட்டும். இடையிலே போகும் தரகு இரு வீட்டாருக்கும் மிச்சமாகும்.

இவற்றிற்குப் பெருந்தொகை தேவையில்லை. ஒழுங்கான கணக்கும், வாங்கிய விதையைத் தவறாது திருப்பும் நாணயமும் தேவை. இவ்விரண்டும் இல்லாத சங்கம் எந்தத் தொண்டு நிறுவனம் வந்தாலும் உருப்படாது. இவ்விரண்டும் உள்ள சங்கத்தில் உழுதவர் தாமே கணக்குப் பார்க்கலாம். அந்நாளில் உழக்கு என்ன, மரக்காலே மிஞ்சும்.