ரிஷிமூலமும் நதிமூலமும்

ரிஷிமூலமும் நதிமூலமும் விசாரிக்கக் கூடாது என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். விசாரித்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லவில்லை. ஒருவேளை, விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்களோ, என்னவோ!

அமெரிக்க ஜனங்கள் இந்த எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. வம்சமூலம் தேடுவது அங்கே லட்சக்கணக்கானோருக்குப் பிரியமான பொழுதுபோக்கு. கச்சேரித் தஸ்தாவேஜுகள், மாதாகோயில் ஞானஸ்நானப் புத்தகங்கள், கப்பல் ஜாபிதாக்கள், கல்லறை வாசகங்கள் எல்லாவற்றையும் சலிக்காமல் ஆராய்கிறார்கள். 1845-ஆம் வருஷத்திலேயே பாஸ்டன் நகரில் இதற்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. பாட்டனாருக்குப் பாட்டனார் சுதந்திர யுத்தத்தில் துப்பாக்கி பிடித்தவர் என்று தெரிந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லுவார்கள். குதிரை திருடியவர் என்று தெரிந்தால் புத்தகத்தை மெதுவாக மூடிவிடுவார்கள். இதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

ஆனால் ஒரு குடும்பத்தின் வம்சாவளி மட்டும் ஏறக்குறைய இருநூறு வருஷ காலம் அந்தத் தேசத்தையே சங்கடத்தில் ஆழ்த்தி வைத்திருந்தது. அந்தக் குடும்பத்தின் கதையைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தாமஸ் ஜெபர்ஸன் என்ற பெயரை அறியாதவர்கள் நம் நேயர்களில் இருக்க மாட்டார்கள். 1776-ஆம் வருஷத்து அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் அவர்தான். பிறகு அத்தேசத்தின் மூன்றாவது ஜனாதிபதியாக 1801 முதல் 1809 வரையில் இருந்தார். மனிதர் யாவரும் பிறப்பால் சமம் என்பதை ஓர் அரசாங்கத்தின் அஸ்திவாரமாக்கிய அந்தப் பேனாவை, அடிமைப்பட்ட தேசத்தார் எல்லோரும் ஒரு காலத்தில் கண்ணில் ஒற்றிக் கொண்டதுண்டு. சுதந்திர வேதத்தின் ரிஷிகளில் அவரும் ஒருவர் என்பதில் சந்தேகமில்லை.

அந்த ரிஷிக்கு ஆசிரமம் ஒன்றும் இருந்தது. வர்ஜீனியா மாகாணத்தில் ஒரு குன்றின் மேல் அவரே திட்டமிட்டுக் கட்டிய மாளிகை அது. மாண்டிசெல்லோ என்று பெயர். அந்த மாளிகையிலும் சுற்றிலுமிருந்த பண்ணைகளிலும் உழைத்தவர்கள் அடிமைகள். தம் வாழ்நாளில் அவர் 600 பேருக்கு மேற்பட்ட அடிமைகளுக்கு எஜமானராக இருந்தார்.

அவர்களில் ஒரு பெரிய குடும்பம் ஹெமிங்ஸ் குடும்பம். குடும்பத் தலைவி எலிஸபெத் ஹெமிங்ஸ். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வரப்பட்ட ஒரு ஸ்திரீக்கும் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவனுக்கும் பிறந்தவள் அவள் என்று அவளுடைய சந்ததியார் சொல்லி வந்தார்கள். ஜெபர்ஸனின் மாமனார் ஜான் வேல்ஸ் என்பவர் அவளுடைய எஜமானர். அவருக்கும் அவளுக்கும் ஆறு குழந்தைகள் பிறந்தன என்பதும் அவர்கள் வாய்மொழி. 1773-ல் மாமனார் காலமானார். அவருடைய நிலம், கடன், அடிமைகள் ஆகியவற்றில் ஒரு பாகம் மாப்பிள்ளைக்கு வந்தது. எலிஸபெத்தும் குழந்தைகளும் அந்தப் பாகத்தில் அடக்கம். கடைசிக் குழந்தை ஸாலி அப்போது கைக்குழந்தை. ஜெபர்ஸனுடைய மனைவியும் இந்த ஸாலியும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள். அக்காள் வீட்டு எஜமானி. தங்கையோ அதே வீட்டின் உடைமை!

மனைவி 1782-ல் இறந்து போனாள். பிறகு ஜெபர்ஸன் தூதராகப் பாரிஸுக்குச் சென்றார். 1787-ல் அவருடைய இளைய மகளுக்குத் துணையாக ஸாலியும் அங்கே அனுப்பப்பட்டாள். அப்போது அவளுக்கு வயது 14. பிரெஞ்சு மண்ணில் அவள் விடுதலை கோரியிருக்கலாம். அப்படியிருந்தும் 1789-ல் திரும்பி வந்தாள். தனக்குப் பிறக்கும் குழந்தைகள் 21 வயதில் விடுதலை பெற வேண்டும் என்று வாக்குப் பெற்றுக் கொண்ட பிறகே அவள் கப்பல் ஏறினாள் என்று பின்னாளில் அவள் மகன் சொன்னார். பதினாறு வயதுப் பெண்ணுக்கும் அவளுக்கு எஜமானரான பெரிய மனிதருக்கும் நடந்த இந்த உடன்படிக்கையில் இஷ்டம் எவ்வளவு, நிர்ப்பந்தம் எவ்வளவு என்பதை நேயர்களின் யோசனைக்கே விட்டுவிடுகிறோம். ஸாலியின் குழந்தைகளில் வளர்ந்து ஆளானவர்கள் நால்வர்: பெவர்லி, ஹாரியட், மாடிஸன், எஸ்டன்.

வர்ஜீனியாச் சட்டத்தின் விசித்திரத்தை இங்கே சொல்ல வேண்டும். தாய் அடிமையானால் குழந்தையும் அடிமை என்று 1662-லேயே அங்கே சட்டம் செய்துவிட்டார்கள். தகப்பன் யாராயிருந்தாலும் கேள்வியில்லை. இதனால் எஜமானர்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்று விவரிக்கத் தேவையில்லை. அதே சமயத்தில், எட்டில் ஏழு பங்கு ஐரோப்பிய ரத்தம் உள்ளவர் வெள்ளையர் என்றும் ஒரு சட்டம் இருந்தது. ஸாலியின் குழந்தைகள் இந்தக் கணக்குப்படி வெள்ளையர். முந்திய கணக்குப்படி அடிமைகள்!

1802-ஆம் வருஷத்தில் ரிச்மண்ட் நகரத்துப் பத்திரிகை ஒன்று ஜனாதிபதியையும் ஸாலியையும் பற்றிப் பகிரங்கமாக எழுதிவிட்டது. எழுதியவர் காலண்டர் என்னும் பத்திரிகைக்காரர். முன்னாள் நண்பர், பின்னாள் பகைவர். ஜெபர்ஸன் பொதுமக்களுக்கு எந்தப் பதிலும் கூறவில்லை. அவர் காலமான பிறகு பேரன் பேத்திகள் பதில் கூற முன்வந்தார்கள். குழந்தைகளின் முகஜாடையை மறைக்க முடியாதல்லவா? ஆகவே, தகப்பன் தாத்தா அல்ல, தாத்தாவின் மருமான் பீட்டர் கார் என்றார் பேரன். இல்லை, இன்னொரு மருமான் ஸாமுவேல் கார் என்றாள் பேத்தி. ஒரே வீட்டில் வளர்ந்த இருவர் ஒரே குற்றத்துக்கு வெவ்வேறு குற்றவாளிகளைக் காட்டினார்கள். சரித்திராசிரியர்களோ இந்தச் சாட்சியத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

மற்றொரு சாட்சியமும் இருந்தது. ஓஹியோ மாகாணத்தில் குடியேறித் தச்சு வேலை செய்து வந்த மாடிஸன் ஹெமிங்ஸ், 1873-ல் ஓர் உள்ளூர்ப் பத்திரிகைக்குத் தம் வரலாற்றைச் சொன்னார். பாட்டி யார், தாயார் யார், தகப்பனார் யார் என்று ஒளிவு மறைவில்லாமல் கூறினார். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1870-ல், ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்த உத்தியோகஸ்தர் கூட மாடிஸனின் பெயருக்கு எதிரே, இவர் தாமஸ் ஜெபர்ஸனின் மகன் என்று எழுதி வைத்தார். ஆனால் அடிமையாகப் பிறந்தவரின் வார்த்தையை யார் நம்புவது? நூறு வருஷ காலம் பண்டிதர்கள் அதை ஒதுக்கியே வைத்தார்கள்.

அடிமைகளின் சந்ததியார் அமெரிக்காவில் தங்கள் முன்னோர்களைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை நேயர்கள் அறிய வேண்டும். 1850, 1860 ஆகிய வருஷங்களின் ஜனத்தொகைக் கணக்கில் அடிமைகளுக்குத் தனி ஜாபிதா உண்டு. அதில் எஜமானரின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் ஆகிய விவரங்கள் மட்டும் இருக்கும். பெயர் இராது. விடுதலைக்குப் பின் 1870-ல்தான் எல்லோர் பெயரும் எழுதப்பட்டது. அதற்கு அப்பால் தேடுகிறவர்கள் சுவரில் போய் முட்டிக் கொள்ளுவார்கள். அந்தச் சுவரைத் தாண்ட வேண்டுமானால், எஜமானர்களின் உயில்களையும், ஏல ஜாபிதாக்களையும், பண்ணைக் கணக்குகளையும்தான் நாட வேண்டும்.

ஜெபர்ஸன் கணக்கு எழுதுவதில் வெகு கெட்டிக்காரர். அவருடைய பண்ணைப் புத்தகத்தில் அடிமைகளின் பெயர், பிறந்த தேதி, கொடுத்த கம்பளி, துணி, மீன் எல்லாம் அவர் கைப்படவே இருக்கின்றன. மாட்டையும் மனிதனையும் உடைமையாகக் குறித்து வைத்த அந்தப் புத்தகமே இன்று பல குடும்பங்களுக்கு வம்சாவளிப் புத்தகமாகி இருக்கிறது. ஸாலியின் குழந்தைகளும் அதில் இருக்கிறார்கள். தகப்பன் பெயர் இல்லை. 1822-ல் பெவர்லியும் ஹாரியட்டும் ஓடிப் போனதாக அதில் குறிப்பு இருக்கிறது. ஓடிப்போன ஹாரியட்டுக்கு எஜமானரின் உத்தரவுப்படி 50 டாலரும் வண்டிச் சத்தமும் கொடுத்து அனுப்பியதாகப் பண்ணைக் காரியஸ்தர் பிற்பாடு சொன்னார். இருவரும் வாஷிங்டன் நகருக்குச் சென்று வெள்ளையராகவே மணம் செய்து கொண்டு வாழ்ந்தார்கள் என்றும், ஹாரியட் மணந்தவரின் பெயர் தமக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்றும் மாடிஸன் கூறினார். தமக்கையின் வாழ்வைக் காப்பாற்றுவதற்காகத் தம்பி மூடிய வாய் அது. இவ்விருவரின் சந்ததியார் இன்று வரை கண்டுபிடிக்கப்படவில்லை.

1826-ஆம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு தினத்தில், ஜெபர்ஸன் காலமானார். அவருடைய உயில் ஐந்து ஆண்களுக்கு விடுதலை அளித்தது. ஐவரும் ஹெமிங்ஸ் குடும்பத்தவர். மாடிஸனும் எஸ்டனும் அவர்களில் இருவர். ஸாலியின் பெயர் அதில் இல்லை. மகன்களுடன் பக்கத்து ஊரில் வாழ்ந்து 1835-ல் அவள் இறந்தாள். பிறரின் கதி என்ன? ஜெபர்ஸன் விட்டுப் போன கடனுக்காக 1827-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். விடுதலை பெற்ற ஐவரில் ஒருவரான ஜோஸப் பாஸெட் என்ற கொல்லர், தம் மனைவியும் குழந்தைகளும் விலை கூறப்படுவதைக் கண்டார். உறவினர் உதவியால் மனைவியையும் சில குழந்தைகளையும் மீட்டார். பதினொரு வயது மகன் பீட்டரை மீட்க முடியவில்லை. பீட்டர் விடுதலை அடைந்து ஓஹியோவில் பெற்றோருடன் சேர இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பின்னர் அவர் பாதிரியாராகி, 1900-ல் கிழவராக மாண்டிசெல்லோவுக்குச் சென்று பார்த்துவிட்டு வந்தார்.

ஒரு மரத்தின் கிளைகள் எப்படிப் பிரிந்தன பாருங்கள்! எஸ்டன் 1852-ல் விஸ்கான்ஸின் மாகாணத்துக்குப் போய், ஜெபர்ஸன் என்ற பெயரைச் சூட்டிக் கொண்டு, வெள்ளையராகவே வாழ்ந்தார். அவருடைய மகன் ஜான் வேல்ஸ் ஜெபர்ஸன் உள்நாட்டு யுத்தத்தில் வெள்ளைப் பட்டாளம் ஒன்றுக்குக் கர்னலானார். பழைய ஊர்க்காரர் ஒருவரைப் பாசறையில் கண்டபோது, தம் பிறப்பின் ரகசியத்தை வெளியிட வேண்டாம் என்று அந்தக் கர்னல் கெஞ்சிக் கேட்டாராம். பீரங்கிக்கு அஞ்சாதவர் ஒரு வார்த்தைக்கு அஞ்சினார்! மாடிஸனின் மகள் வயிற்றுப் பேரன் பிரெடரிக் ராபர்ட்ஸோ கறுப்பு இனத்தவராகவே வாழ்ந்து, 1918-ல் கலிபோர்னியாச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அந்தச் சபையில் அவ்வினத்தாரில் அவரே முதல்வர். கொல்லர் ஜோஸப்பின் கொள்ளுப்பேரன் மன்ரோ டிராட்டர் என்ற பத்திரிகாசிரியர், 1914-ல் வெள்ளை மாளிகைக்கே சென்று, அரசாங்கக் காரியாலயங்களில் நிற பேதம் காட்டுவது ஏன் என்று ஜனாதிபதி வில்ஸனை முகத்துக்கு நேரே கேட்டார். ஜனாதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாய்மொழியை நம்பாத பண்டிதர்கள் கடைசியில் ரத்தத்தின் மொழியைக் கேட்க நேர்ந்தது. 1997-ல் ஆனட் கார்டன்-ரீட் என்ற சட்டப் பேராசிரியை, இரு தரப்புச் சாட்சியங்களையும் கச்சேரியில் நிறுத்துவது போல் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்து ஒரு நூல் எழுதினார். மறு வருஷமே விஞ்ஞானம் சாட்சிக் கூண்டில் ஏறிற்று. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் 'ஒய்' குரோமோஸோம் என்ற அணுக்கூறு தலைமுறை தலைமுறையாக அநேகமாக மாறுவதில்லை. ஜெபர்ஸனுக்கு மனைவி வயிற்றில் ஆண் சந்ததி தங்காததால், அவருடைய சிற்றப்பா பெரியப்பா வழியில் வந்த ஆண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். எஸ்டனின் ஆண்வழிச் சந்ததியார் ஒருவரின் ரத்தம் அதனுடன் பொருந்திற்று. கார் சகோதரர்களின் குடும்பத்து ரத்தம் பொருந்தவே இல்லை. பேரனும் பேத்தியும் மாறி மாறிச் சுமத்திய பழி ஒரே நாளில் உதிர்ந்து போயிற்று.

வாய்மொழி எல்லாமே மெய் என்றும் சொல்வதற்கில்லை. ஸாலியின் மூத்த மகன் வழியில் வந்ததாகச் சொல்லிக் கொண்ட உட்ஸன் குடும்பத்தின் ரத்தம் அதே சோதனையில் பொருந்தவில்லை. ரத்தச் சோதனையும் ஏதோ ஒரு ஜெபர்ஸன் என்று மட்டுமே சொல்லும்; எந்த ஜெபர்ஸன் என்று சொல்லாது. தம்பி ராண்டால்பாக இருக்கலாகாதா என்று வாதிப்போர் இன்றும் உண்டு. ஆனால் ஸாலி கருவுற்ற ஒவ்வொரு சமயத்திலும் அதுவரை ஊர் ஊராய்ச் சென்று கொண்டிருந்த ஜெபர்ஸன் மாண்டிசெல்லோவில் இருந்தார் என்பதை அவருடைய கணக்குகளே காட்டுகின்றன. 2000-ஆம் வருஷத்தில், மாளிகையைப் பராமரித்து வரும் ஸ்தாபனமே, அவர்தான் தகப்பனார் என்பதற்கு மிகவும் இடமுண்டு என்று ஒப்புக் கொண்டது.

ஆயினும் மாளிகைக்கு அருகிலுள்ள குடும்ப இடுகாடு, ஜெபர்ஸனின் மகள்கள் வழி வந்த உறவினர் சங்கத்தின் வசத்தில் இருக்கிறது. 1999-ல் அச்சங்கத்தின் கூட்டத்துக்கு ஹெமிங்ஸ் குடும்பத்தார் விருந்தினராக அழைக்கப்பட்டார்கள். 2002-ல் அவர்களை அங்கத்தினராகச் சேர்க்க மறுத்து ஓட்டுப் போட்டார்கள். உயிரோடு கைகுலுக்கலாம், செத்த பிறகு பக்கத்தில் படுக்கக் கூடாது என்பது போலும்! இதற்கு நேர்மாறாக, மாளிகை ஸ்தாபனத்தார் 1993 முதலே அடிமைகளின் சந்ததியாரைத் தேடிச் சென்று அவர்கள் வீட்டுக் கதைகளைச் சேகரித்து வருகிறார்கள். 2018-ல் ஸாலியின் வாழ்க்கையைச் சொல்லும் காட்சியறை ஒன்றும் அந்த மாளிகையில் திறக்கப்பட்டது.

ரிஷிமூலம் விசாரித்ததால் சுதந்திரப் பிரகடனத்தின் மதிப்புக் குறைந்துவிட்டதா? நாம் அப்படி நினைக்கவில்லை. அதை எழுதியவர் தம் வீட்டு வாசலோடு நிறுத்திக் கொண்டார். அந்த வாசகத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் வீட்டு அடிமைகளின் சந்ததிக்கு வந்து சேர்ந்தது. டிராட்டர் வெள்ளை மாளிகையில் கேட்டதும், மாடிஸன் கிராமப் பத்திரிகையில் சொன்னதும் அந்தக் காரியத்தைத்தான் செய்தன. பேனா பிடிக்க உரிமை பெற்றவர்கள் மறைத்ததை, அந்த உரிமை மறுக்கப்பட்டவர்கள் ஐந்தாறு தலைமுறை வரையில் குழந்தைகளின் காதில் சொல்லிச் சொல்லியே காப்பாற்றினார்கள். அமெரிக்கர்கள் எழுதி வைத்திருக்கும் வம்சாவளிகள் எத்தனையோ. எழுதாமலே நிலைத்து நின்ற இந்த வம்சாவளியைத்தான் அவற்றுள் தலையாயது என்று நாம் கருதுகிறோம்.