கூட்டிச் சொல்லப்படும் ஆண்டுகள்

வேலைவாய்ப்பு இணையதளங்களில் வடிவமைப்புத் துறைக்கான விளம்பரங்களைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு விந்தை புலப்படும். தலைப்பில் 'தொடக்கநிலை வடிவமைப்பாளர் தேவை' என்றிருக்கும். அதன் கீழேயே 'குறைந்தது 2 ஆண்டு அனுபவம் கட்டாயம்' என்றிருக்கும். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இரண்டாண்டு அனுபவம் எங்கிருந்து வரும்? நிறுவனங்கள் இதற்கு விடை சொல்வதில்லை. விடையை இளைஞர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டனர். ஆறு மாதப் பயிற்சியை இரண்டாண்டுப் பணி என்று தன்விவரக் குறிப்பில் எழுதிவிடுகின்றனர்.

வடிவமைப்புக் கல்வி நம் நாட்டில் நெடுங்காலம் மிகச் சிலருக்கே உரியதாக இருந்தது. ஆமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்டது. மும்பை ஐஐடி-யில் வடிவமைப்பு மையம் 1969-இல் வந்தது. அங்கெல்லாம் இடங்கள் குறைவு; அங்கு படித்து வெளியே வருபவரின் அனுபவத்தைப் பற்றி எவரும் ஐயுறுவதில்லை, நிறுவனத்தின் பெயரே சான்று. திறன்பேசிச் செயலிகள் பெருகிய பின்னர் நிலைமை மாறியது. யு.ஐ., யு.எக்ஸ். எனப்படும் திரை வடிவமைப்புப் பணிகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். மூன்று மாதம், ஆறு மாதம் எனப் பயிற்சி அளிக்கும் தனியார் மையங்கள் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் முளைத்தன. பொறியியல் படித்தவர், வணிகவியல் படித்தவர், காட்சித் தொடர்பியல் படித்தவர் என அனைவரும் அங்கே வந்து சேர்ந்தனர். இன்று வேலை தேடும் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இவர்களே.

மிகைப்படுத்துவதிலும் படிநிலைகள் உண்டு. வகுப்பில் செய்த பயிற்சியை வாடிக்கையாளருக்குச் செய்த பணி என்பது முதல் படி. உறவினர் கடைக்கு வரைந்து கொடுத்த ஒரு சின்னத்தை 'ஓராண்டு ஃப்ரீலான்ஸ்' என்பது அடுத்த படி. ஐந்து பேர் சேர்ந்து செய்ததைத் தான் மட்டுமே செய்ததாகக் காட்டுவது மூன்றாவது. இவற்றை இளைஞர்கள் பொய் என்றே கருதுவதில்லை; 'எல்லோரும் செய்வதுதானே' என்கின்றனர். கடைசிப் படியோ இல்லாத நிறுவனத்தின் பெயரில் அனுபவச் சான்றும் ஊதியச் சீட்டும் விலைக்கு வாங்குவது. அக்சென்சர் நிறுவனம் 2022-ஆம் ஆண்டின் இறுதியில், போலி நிறுவனங்களின் அனுபவச் சான்றுகளைக் காட்டி இந்தியாவில் பணியில் சேர்ந்தவர்களை வெளியேற்றியதாக அறிவித்தது. போலி ஆவணத்தை மெய்யானது என்று கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆனால், முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே இருக்கும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இதனால் நிறுவனங்களுக்குத்தான் இழப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்களின் சந்தையைப் பற்றியது. நல்ல கார் எது, பழுதான கார் எது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் சராசரி விலையைத்தான் தருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க எவரும் முன்வரமாட்டார்கள். சந்தையில் பழுதானவையே மிஞ்சும். இதையே நம் வடிவமைப்பாளர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். இரண்டாண்டு அனுபவம் உள்ளவரின் மதிப்பு மாதம் ரூ.50,000, புதியவரின் மதிப்பு ரூ.20,000 என்று கொள்வோம். 'இரண்டாண்டு அனுபவம்' என்று சொல்லும் நூறு பேரில் பாதிப் பேர் புதியவர்கள் என்று நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால், யார் அந்தப் பாதி என்பது தெரியாது. அது தர முன்வரும் ஊதியம் ரூ.35,000 ஆக இருக்கும். உண்மையாகவே உழைத்துக் கற்றவருக்கு மாதம் ரூ.15,000 இழப்பு. அதைவிட மோசமான நிலை, 'நான் புதியவன்' என்று உண்மையைச் சொல்பவருக்கு. நேர்காணலுக்கான அழைப்பே அவருக்கு வராது. அதற்கடுத்த ஆண்டில் நிறுவனம் விளம்பரத்தில் மூன்றாண்டு அனுபவம் கேட்கும்; விண்ணப்பதாரர்களும் மூன்றாண்டு என்று எழுதுவார்கள்.

வடிவமைப்புத் துறையில் இதற்கு ஒரு மாற்று இருந்தது. கணக்காளரின் திறமையைப் பார்வையால் அறிய முடியாது. வடிவமைப்பாளரின் திறமையை அவர் செய்த பணியிலேயே காணலாம். 'போர்ட்ஃபோலியோ' எனப்படும் படைப்புத் தொகுப்பே ஆயிரம் சான்றிதழ்களுக்குச் சமம் என்பார்கள். திறமை இல்லாதவருக்குச் செலவு அதிகமாகும் அடையாளமே நம்பத்தக்க அடையாளம் என்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கினார். இவரும் அகர்லாஃபும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இப்போது அந்தச் செலவு ஏறத்தாழ இல்லாமலாகிவிட்டது. பயிற்சி மையங்கள் ஒரே வார்ப்பில் தொகுப்புகளைச் செய்து தருகின்றன. உணவு விநியோகச் செயலி ஒன்றின் மறுவடிவமைப்பு இல்லாத தொகுப்பைக் காண்பதே அரிது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நிமிடங்களில் பத்துத் திரைகளை வரைந்து தருகின்றன. வேலை கொடுப்பவர் தொகுப்பையும் நம்ப முடியாமல், மீண்டும் 'எத்தனை ஆண்டு?' என்ற பழைய கேள்விக்கே திரும்புகிறார்.

மிகைப்படுத்தி வேலையில் சேர்ந்தவருக்கு நேரும் இழப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. புதியவர் ஒருவருக்கு முதல் இரண்டாண்டுகளில் கிடைக்கும் உண்மையான வருமானம் ஊதியம் அன்று. கேள்வி கேட்கும் உரிமை. 'இந்த இடைவெளியை ஏன் இப்படி வைத்தீர்கள்?', 'பார்வைக் குறைபாடு உள்ளவர் இந்த எழுத்தை எப்படிப் படிப்பார்?', 'நிரலாளரிடம் கோப்பை ஒப்படைக்கும்போது எதையெல்லாம் குறிப்பிட வேண்டும்?' என்று மூத்தவரிடம் கேட்டுக் கேட்டே இந்தத் தொழில் கைவருகிறது. இரண்டாண்டு அனுபவம் உண்டு என்று சொல்லிச் சேர்ந்தவர் இவற்றில் ஒன்றையும் கேட்க முடியாது. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவர் இரவில் காணொலிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பகலில் தெரிந்தவர்போல் நடிக்க வேண்டும். என் முன்னாள் மாணவர் ஒருவர் இந்த நிலையில் எட்டு மாதம் தாக்குப்பிடித்தார். வேலையை விட்ட நாளில்தான் நிம்மதியாகத் தூங்கியதாக என்னிடம் சொன்னார்.

தமிழ்நாட்டுக்கே உரிய முரண் ஒன்றும் இதில் இருக்கிறது. சிவகாசி அச்சகங்களில் நாள்காட்டிக்கும் தீப்பெட்டிச் சீட்டுக்கும் வடிவமைத்தவர்கள், திருப்பூரில் பின்னலாடைகளுக்குச் சித்திரம் வரைந்தவர்கள், ஊர்தோறும் டி.டி.பி. கடைகளில் கல்யாணப் பத்திரிகைகளும் ஃப்ளெக்ஸ் பதாகைகளும் செய்தவர்கள் எனப் பல்லாயிரம் பேர் உள்ளனர். அரை மணி நேரத்தில் வாடிக்கையாளரின் மனத்தில் இருப்பதைப் புரிந்துகொண்டு, அவர் பார்த்துத் திருப்தியடையும்படி ஒன்றைச் செய்துதருவது எளிய பயிற்சி அன்று. தமிழ் எழுத்துருக்களின் நெளிவு சுளிவு இவர்களுக்குத் தெரிந்த அளவுக்குப் பட்டயம் பெற்றவர்களுக்குத் தெரியாது. ஆயினும், பெருநகர நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது இவர்கள் இந்த ஆண்டுகளை மறைத்துவிடுகின்றனர். 'டி.டி.பி. கடை என்று எழுதினால் மதிக்கமாட்டார்கள்' என்பது காரணம். உண்மையில் உழைத்த நான்காண்டை நீக்கிவிட்டு, உழைக்காத இரண்டாண்டை எழுதுகின்றனர். இதை நேர்மையின்மை என்பதைவிடத் தாழ்வு மனப்பான்மை என்பதே பொருந்தும். அந்த மனப்பான்மையை விதைத்ததில் ஆங்கிலத்தில் மட்டுமே நேர்காணல் நடத்தும் நிறுவனங்களுக்கும் பங்குண்டு.

நிறுவனங்கள் ஏன் புதியவர்களைத் தவிர்க்கின்றன? கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட மனித மூலதனம் குறித்த நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய பொதுத் திறனைக் கற்றுக்கொடுக்க எந்த முதலாளியும் செலவு செய்யமாட்டார். கற்றவர் மறுநாளே போட்டி நிறுவனத்துக்குப் போய்விடலாம் அல்லவா! எனவே, கற்கும் காலத்தில் குறைந்த ஊதியத்தை ஏற்பதன் மூலம் தொழிலாளியே அந்தச் செலவைச் சுமக்கிறார். ஃபிக்மா போன்ற மென்பொருளைக் கையாள்வது முற்றிலும் பொதுத் திறன். கோட்பாட்டின்படி, புதியவர் குறைந்த ஊதியத்துக்குச் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

குறைப்பதற்கு இன்னும் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் புதிய பொறியாளர்களுக்குக் கொடுத்துவரும் ஆண்டு ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ரூ.3 லட்சம் முதல் ரூ.3.6 லட்சம் வரையிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. விலைவாசி ஆண்டுக்கு 5% உயர்வதாகக் கொண்டால், பத்தாண்டுகளுக்கு முந்தைய ரூ.3 லட்சத்தின் வாங்கும் திறன் இன்று ரூ.1.85 லட்சத்துக்கும் குறைவு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு ரூ.2.52 லட்சம் என்று காக்னிசன்ட் 2024-இல் அறிவித்தபோது சமூக ஊடகங்களில் எழுந்த கொதிப்பு நினைவிருக்கலாம். அது மாதம் ரூ.21,000. சிறிய வடிவமைப்பு நிறுவனங்கள் பல, இதைக்கூடத் தருவதில்லை. பெங்களூரில் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் கொடுத்தபின் ஊருக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாத நிலையில்தான் ஆண்டுகளைக் கூட்டிச் சொல்லும் ஆசை பிறக்கிறது. இதை நான் நியாயப்படுத்தவில்லை, விளக்குகிறேன்.

இங்கேதான் நம் இளைஞர்கள் ஒரு வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர். அனுபவத்தைக் கூட்டிச் சொல்வது பொய். ஊதியத்தைக் கூட்டிக் கேட்பது பேரம். சந்தையில் கத்தரிக்காய் வாங்குபவரும் விற்பவரும் செய்வதுதான் அது. அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால், நடைமுறையில் நான் காண்பது தலைகீழாக இருக்கிறது. இல்லாத இரண்டாண்டைக் கூசாமல் எழுதும் இளைஞர், 'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' என்று கேட்டதும் 'நிறுவனத்தின் விதிப்படி தாருங்கள்' என்கிறார். பொய் சொல்லி ஈட்டிய இடத்தைப் பேரம் பேசாமல் இழக்கிறார். உண்மையைச் சொல்லிவிட்டு, 'இந்தப் பணிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் ஊதிய வரம்பு என்ன?' என்று கேட்பதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

மற்றொரு கேள்வியும் உண்டு: 'இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?' இதற்குக் கூட்டிச் சொல்லும் பொய், ஊதியச் சீட்டு கேட்கப்படும்போது அம்பலமாகும். கேள்வியே முறையற்றது என்று பல நாடுகள் முடிவு செய்துவிட்டன. முதல் வேலையில் குறைவாகக் கொடுக்கப்பட்டவர், குறிப்பாகப் பெண்கள், வாழ்நாள் முழுவதும் அந்தக் குறைவைச் சுமக்கக் கூடாது என்பதற்காக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-இல் இயற்றிய சட்டம் இக்கேள்விக்குத் தடை விதித்தது. கலிஃபோர்னியாவில் 2018 முதல் இத்தடை உண்டு. நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதல் விளம்பரத்திலேயே ஊதிய வரம்பைக் குறிப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு நெறிமுறை இவ்விரண்டையும் ஒருசேர வலியுறுத்தி, 2026 ஜூன் வரை உறுப்பு நாடுகளுக்குக் கெடு விதித்தது. இந்தியாவில் இத்தகைய சட்டம் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் 'தற்போதைய சி.டி.சி.' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. தன் பக்கம் எதையும் வெளிப்படுத்தாமல் எதிர்ப்பக்கத்தின் எல்லாவற்றையும் கேட்பவர்கள், வெளிப்படைத்தன்மை பற்றி இளைஞர்களுக்கு வகுப்பெடுப்பது வேடிக்கைதான்.

நேர்காணலுக்கு முன்பு 'சோதனைப் பணி' என்ற பெயரில் மூன்று நாள் வேலையை இலவசமாக வாங்கிக்கொள்ளும் வழக்கமும் அத்தகையதே. உண்மையில், திறமையை அறிய இதைவிடச் சிறந்த வழி இல்லை. நேரில் அமரவைத்து, இரண்டு மணி நேரம் ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொன்னால் போதும், ஆண்டுக் கணக்கே தேவைப்படாது. நீண்ட பணியாக இருந்தால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். பட்டதாரித் தொழில்பழகுநருக்கு மாதம் ரூ.9,000 குறைந்தபட்ச உதவித்தொகை என்று 2019-இல் நிர்ணயிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதியை அரசு ஈடு செய்கிறது. தொகை போதாது என்றாலும், ஓராண்டு முடிவில் கிடைக்கும் சான்று உண்மையானது. சிறிய வடிவமைப்பு நிறுவனங்கள் இந்தத் திட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

அனுபவத்தைச் சரிபார்க்க நிறுவனங்கள் இன்று பெரிதும் நம்புவது வருங்கால வைப்பு நிதிப் பதிவை. 2014 முதல் உறுப்பினர்களுக்கு வழங்கப்படும் யு.ஏ.என். எண்ணைக் கொண்டு, எவர் எங்கே எத்தனை மாதம் பணியாற்றினார் என்பதை அறியலாம். ஆனால், 20 பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் இடங்களுக்கு வைப்பு நிதி கட்டாயமில்லை. அச்சகத்திலும் டி.டி.பி. கடையிலும் நான்கைந்து பேர் கொண்ட ஸ்டூடியோவிலும் உழைத்தவரின் ஆண்டுகள் எந்தப் பதிவிலும் இல்லை. போலிச் சான்று வாங்கியவரும் உண்மையாக உழைத்தவரும் சரிபார்ப்பவரின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றனர்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சிறு கடைகள் வரை அது எட்டுமா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த வேலைகள், பெற்ற ஊதியம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, உரிமையாளர் கையொப்பமிட்ட ஒரு பக்கச் சான்றை, விலகும் ஊழியருக்குக் கொடுப்பது என்று அச்சக உரிமையாளர் சங்கங்கள் முடிவெடுத்து, அதற்கான மாதிரிப் படிவத்தைத் தங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பலாம். இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).