விரைவுக்கும் வல்லமைக்கும் ஒரே அளவுகோலா?

2024 ஜூலை 3 அன்று, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஐந்தாம் கட்டத்தை பிரிட்டன் வீரர் மார்க் கேவண்டிஷ் வென்றார். அப்போது அவருக்கு வயது 39. அப்பந்தயத்தில் அது அவரது 35-ஆவது கட்ட வெற்றி. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1975இல் எட்டிய 34 என்ற சாதனை அன்று பின்தள்ளப்பட்டது. இருவரில் யார் பெரியவர் என்ற விவாதம் அதன்பின் சூடுபிடித்தது. எண்ணிக்கையை மட்டும் வைத்து இதற்கு விடை காண முயல்வது இருவருக்குமே அநீதி என்பது என் கருத்து.

டூர் டி பிரான்ஸ் மூன்று வாரங்களில் 21 கட்டங்களாக நடைபெறுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி வெற்றியாளர் உண்டு. எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, மிகக் குறைந்த நேரத்தில் முடித்தவருக்கே மஞ்சள் ஜெர்சியும் பட்டமும். மெர்க்ஸ் இப்பட்டத்தை ஐந்து முறை வென்றவர். கேவண்டிஷ் அதற்குப் போட்டியிட்டதே இல்லை.

மெர்க்ஸின் 34 வெற்றிகள் பலவகைப்பட்டவை. மலைப்பாதை, தனிநபர் நேரப் பந்தயம், சமவெளி என எல்லாக் களங்களிலும் அவர் வென்றார். 1969இல் மஞ்சள் ஜெர்சி ஏற்கெனவே வசமிருந்தும், பிரெனீஸ் மலைத்தொடரில் சுமார் 140 கி.மீ. தூரம் தனியாக ஓட்டி, ஏறத்தாழ 8 நிமிட இடைவெளியில் ஒரு கட்டத்தை வென்றார். அவ்வாண்டு ஒட்டுமொத்தப் பட்டம், புள்ளிகளுக்கான பச்சை ஜெர்சி, மலையேற்றப் பட்டம் மூன்றும் அவருக்கே. வேறு எவரும் ஒரே ஆண்டில் இம்மூன்றையும் வென்றதில்லை. முழுமையான வீரர் யார் என்பதே கேள்வியானால் மெர்க்ஸுக்கு நிகரில்லை.

ஆனால், ‘ஸ்பிரிண்டர்’ எனப்படும் விரைவு வீரரின் கலை வேறு. அவருடைய வெற்றி கடைசி 200 மீட்டரில், பத்துப் பதினைந்து விநாடிகளில் தீர்மானமாகிறது. மணிக்கு 60 கி.மீ.க்கு மேற்பட்ட அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பே முதல் பகை. ஆகவே, அணித் தோழர்கள் வரிசையாக முன்னே சென்று காற்றைத் தாங்க, அவர்களின் மறைவில் சக்தியைச் சேமித்து, சரியான கணத்தில் அவர் வெளிப்பட வேண்டும். அரை விநாடி முந்தினாலும் பிந்தினாலும் தோல்விதான். பிசகினால் எலும்பு முறியும். 2023இல் கேவண்டிஷின் காறை எலும்பு முறிந்து பந்தயமே கைநழுவியது. கைப்பிடியின் மீது மிகத் தாழக் குனிந்து காற்றைக் கிழிக்கும் உடல்நிலையும், நெரிசலில் இடைவெளியை முன்கூட்டியே கண்டுகொள்ளும் கூர்மையும் அவரது பலம்.

இதே வீரர் மலைகளையும் கடந்தாக வேண்டும். வெற்றியாளரின் நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் காலவரம்பு வகுக்கப்படுகிறது. அதைத் தாண்டி வருபவர் வெளியேற்றப்படுவார். 2018இல் ஆல்ப்ஸ் மலைக் கட்டமொன்றில் கேவண்டிஷ் அவ்வாறு வெளியேற்றப்பட்டார். 2024இல் முதல் நாளிலேயே வெப்பத்தில் வாந்தியெடுத்து, அணித் தோழர்களின் துணையால் வரம்புக்குள் வந்து சேர்ந்தார். நான்கு நாள்கள் கழித்து வந்ததுதான் அந்த 35-ஆவது வெற்றி. பிறர் வெல்லப் போராடும் மலைகளில், மறுநாள் ஓட்டும் உரிமைக்காக விரைவு வீரர் போராடுகிறார்.

இன்று இந்த விவாதத்துக்குப் புதிய பொருள் சேர்ந்திருக்கிறது. ஸ்லோவேனியாவின் டாடேஜ் போகச்சார் 2024இல் இத்தாலிய, பிரெஞ்சுப் பெரும் பந்தயங்களையும் உலக சாம்பியன் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்றார். 1974இல் மெர்க்ஸும் 1987இல் ஸ்டீபன் ரோச்சும் மட்டுமே அதற்குமுன் அதைச் செய்தவர்கள். 2025இல் நான்காவது டூர் பட்டத்தையும் அவர் பெற்றார். பல்துறை வல்லமையின் பொற்காலம் இது.

அதேவேளையில், விரைவு வீரர்களின் களம் சுருங்குகிறது. 2025இல் 21 கட்டங்களில் கூட்டப் பாய்ச்சலில் முடிந்தவை ஐந்து மட்டுமே. பாரிஸின் ஷான்ஸெலிசே சாலையில் முடியும் இறுதிக் கட்டம் நெடுங்காலமாக விரைவு வீரர்களின் மேடையாக இருந்தது. 2009 முதல் 2012 வரை கேவண்டிஷ் அங்கே தொடர்ந்து நான்கு முறை வென்றார். 2025இல் அக்கட்டத்தில் மோன்மார்த்தர் குன்றின் ஏற்றம் மூன்று முறை சேர்க்கப்பட்டது. பல்துறை வீரர் வவுட் வான் ஆர்ட் அங்கே பிரிந்து சென்று தனியாக வென்றார். பரிசுத் தொகையிலும் பாகுபாடு கண்கூடு: பட்டம் வென்றவருக்கு 5 லட்சம் யூரோ, ஒரு கட்ட வெற்றிக்கு 11,000 யூரோ.

மோன்மார்த்தரில் திரண்ட மக்கள் வெள்ளத்தைக் காட்டி அமைப்பாளர்கள் தங்கள் முடிவை நியாயப்படுத்தலாம். சமவெளிக் கட்டங்கள் கடைசிப் பத்து நிமிடம் வரை சலிப்பூட்டுகின்றன என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆயினும், எல்லாப் பாதைகளையும் ஏற்றங்களால் நிரப்பினால், ஒரே வகை வீரர் எல்லாவற்றையும் வெல்லும் விளையாட்டாகவே அது மிஞ்சும். நூறு மீட்டர் ஓட்டத்தை நீக்கிவிட்டு மாரத்தானை மட்டும் நடத்தும் ஒலிம்பிக்கை யாரும் விரும்பமாட்டோம்.

மெர்க்ஸ் மாபெரும் சைக்கிள் வீரர். கேவண்டிஷ் மாபெரும் விரைவு வீரர். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அடுத்த கேவண்டிஷுக்கும் ஓடுபாதை வேண்டுமெனில், பாரிஸின் அந்தக் கடைசி நேர்ச்சாலையை அமைப்பாளர்கள் விரைவு வீரர்களுக்கே திருப்பித் தர வேண்டும்.