செத்த காலேஜில் நம் பிள்ளைகள்

மாலைப் பள்ளிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு ஒருநாள் சுற்றுலா போய்வந்தோம். அடுத்த வாரக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு தோழர் எழுந்தார். "சுடுகாட்டுப் பாதைக்கு மனு குடுத்து மூணு மாசம் ஆவுது. தாலுக்கா ஆபீசுக்கு வர ஆள் இல்ல. நீங்க புள்ளைங்கள இட்டுகினு முதலை பாக்கப் போறீங்க. இதுவா இயக்கம்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வேடிக்கை பார்ப்பது நமக்குச் சும்மா கிடைத்த உரிமையில்லை. பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் நமக்கு உரிமை உண்டு என்று ரெட்டைமலை சீனிவாசன் 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1927-ல் மகத் குளத்தில் இறங்க வேண்டியிருந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவை எடுத்துப் பாருங்கள். கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களும் அதில் இருக்கின்றன. சாதியைக் காட்டி இங்கெல்லாம் யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. குடிதண்ணீரையும் கேளிக்கையையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறார்கள். தாகம் தீர்ந்த பிறகுதான் வேடிக்கை என்று நாமாக ஒரு வரிசை போட்டுக்கொள்ளத் தேவையில்லை. உழைத்துச் சாகிறவனுக்கு ஓய்வு எதற்கு என்று பண்ணையார் கேட்டான். அதையே நாம் நம் பிள்ளைகளிடம் வேறு வார்த்தையில் கேட்கக் கூடாது.

இனி பயணத்துக்கு வருகிறேன்.

மதுராந்தகம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். புளிச்சோறும் துவையலும் கட்டியாகிவிட்டது. முதலில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-ல் தொடங்கியது. அங்கேயே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் 1978-லிருந்து இயங்குகிறது. பாம்புத் தோல் வியாபாரத்தைச் சட்டம் தடுத்தபோது பிழைப்பை இழந்த இருளர்கள், அதே கைத்திறனை வைத்து விஷம் எடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு பாம்புகளின் விஷம். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்து அதிலிருந்துதான் வருகிறது. ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சனம் எடுத்துக் கொடுக்கிற விஷம்தான் ஊரில் இருக்கிறவன் உயிரைக் காப்பாற்றுகிறது. இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பிள்ளைகள் முதலையைப் பார்த்து அலறினார்கள், சிரித்தார்கள். ஆனால் அவர்கள் வாய் மூடி நின்றது பாம்பைக் கையில் பிடித்து ஒருவர் விளக்கிய இடத்தில்தான். எங்கள் கூட வந்த பத்து வயசுப் பையன் என் சட்டையை இழுத்தான். "அண்ணா, அவரு எங்க மாமா மாதிரியே பேசறாரு." இதுதான் விஷயம். அறிவு உள்ளவன் தன் வாயாலேயே, தன் பாஷையிலேயே பேசுகிறான். நடுவில் யாரும் இல்லை.

மத்தியானம் எழும்பூர் அருங்காட்சியகம். மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். பழைய சென்னைச் சனங்களுக்கு இதன் பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். காணும் பொங்கலுக்குச் சேரிகளிலிருந்தும் குப்பங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் செத்த காலேஜும் உயிர் காலேஜும் பார்க்கப் போவார்கள். படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. 1851-ல் இது தொடங்கியதே கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான். பிறகுதான் எழும்பூருக்கு வந்தது. மிருகக்காட்சி சாலையும் 1855-ல் இதே வளாகத்தில் பிறந்து, பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூருக்குப் போனது. பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாத சனம், காசில்லாமல் படிக்கக் கிடைத்த இடத்துக்குக் காலேஜ் என்று பெயர் வைத்தது. அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் செத்த என்கிற சொல்லுக்குள் இன்னொரு கதை இருக்கிறது. 1885-லிருந்து 1908 வரை இந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மூக்கின் அகலத்தை வைத்துச் சாதியின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று ரிஸ்லி போன்ற வெள்ளை அதிகாரிகள் நம்பிய காலம் அது. தர்ஸ்டனும் அளவுகோலோடு கிளம்பினார். மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார், நிறத்தைக் குறித்தார். அருங்காட்சியகத்திலும் அளந்தார், ஊர் ஊராகப் போயும் அளந்தார். அந்த வேலையின் விளைவுதான் ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய புத்தகம்.

அதன் முன்னுரையில் அவரே ஒரு சம்பவம் சொல்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயந்தார்களாம். அப்படிச் செய்ய முடிந்திருந்தால் உருவ மாதிரிகள் செய்கிற தொல்லை தீர்ந்திருக்கும் என்று கிண்டலாக வேறு சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பெண்கள் பயந்ததில் என்ன தவறு? பஞ்சடைத்த புலியையும் பஞ்சடைத்த மானையும் வைத்திருக்கிற இடத்தின் ஆள் வந்து உன் மூக்கை அளந்தால் நீ என்ன நினைப்பாய்? பஞ்சு அடைக்கவில்லை, அவ்வளவுதான். அடைத்தது புத்தகத்தில்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். எட்டாவது படிக்கிற பெண் கேட்டாள், "வெள்ளக்காரன் மூக்க யாரு அளந்தாங்க?" அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஆனால் செத்த காலேஜை முழுசாகத் தூக்கி எறிய நான் தயாரில்லை. காரணம், அதே கட்டடத்துக்குள் புத்தர் இருக்கிறார். வால்டர் எலியட் 1845-ல் அமராவதியில் தோண்டி எடுத்த பௌத்தச் சிற்பங்களில் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. மிச்சம் எழும்பூரில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் 1856-லிருந்து 1930-கள் வரை சுமார் 350 புத்தப் படிமங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. அவற்றில் சிலவும் இங்கே உண்டு. தமிழ் மண்ணில் புத்தர் பிழைக்க வந்தவர் இல்லை, குடியிருந்தவர் என்பதற்கு வெண்கலச் சாட்சி.

இப்போது வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழும்பூரில் தர்ஸ்டன் மண்டையை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே நகரத்தில், இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் உட்கார்ந்திருக்கிறார். 1898-ல் இலங்கைக்குப் போய் பௌத்தம் ஏற்றுத் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கி, 1907-லிருந்து ஒரு பைசாத் தமிழன் பத்திரிகை நடத்துகிறார். ஒருவர் நம் மூக்கில் நம் தாழ்வைத் தேடினார். இன்னொருவர் நம் சொற்களிலும் வழக்கங்களிலும் நம் பூர்வத்தைத் தேடினார். நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். அவருடைய சொல் விளக்கங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்கிறேனா என்பது வேறு விவாதம். ஆனால் அளக்கப்படுகிறவன் எழுந்து, தன் வரலாற்றைத் தானே சொல்லத் தொடங்கிய இடம் அது. புத்தர் சிலைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி இதைத்தான் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "இவரு நம்ம ஆளாண்ணா?" என்று ஒருவன் கேட்டான். ஆமாம்டா என்றேன்.

இந்த இடத்தில் போன வருடத்துப் பயணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழங்கால வீடுகளைக் காட்டும் ஒரு தனியார் காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம், இப்படி நாட்டில் நிறைய வந்துவிட்டன. அக்கிரகாரத்து வீடு இருந்தது. வணிகர் வீடு, நிலக்கிழார் வீடு, தூண், முற்றம், ஊஞ்சல், பித்தளை அண்டா எல்லாம் இருந்தன. அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடினார்கள். வெளியே வரும்போது ஒரு சின்னப் பெண் கேட்டாள், "நம்ம வீடு எங்கண்ணா?"

அந்த ஊரில் சேரி இல்லை. நெல் குதிர் இருக்கிறது, அறுத்தவன் இல்லை. மாட்டுக் கொட்டகை இருக்கிறது, செத்த மாட்டைத் தூக்கியவன் இல்லை. கல்யாணக் கூடம் இருக்கிறது, வாசலுக்கு வெளியே நின்று பறையடித்தவன் இல்லை. பாரம்பரியம் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிற கிராமத்தில், நிஜக் கிராமத்தில் இருக்கிற தீண்டாமைக் கோடுகூட இல்லை. இப்படிச் சேரியே இல்லாத ஊர் சாதி ஒழிந்த ஊர் இல்லை. சாதியை மறைத்து வைத்த ஊர்.

சரி, நம் வீட்டை அவர்கள் வைக்கவில்லை. நாம் வைத்திருக்கிறோமா? நாம் பிள்ளைகளை அழைத்துப் போகிற நம் இடங்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25-ல் 44 பேர் எரிக்கப்பட்ட வெண்மணி. 1994-ல் பஞ்சமி நிலம் கேட்டதற்காக ஜான் தாமசையும் ஏழுமலையையும் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்த காரணை. 1997-ல் முருகேசனும் தோழர்களும் வெட்டப்பட்ட மேலவளவு. 1999-ல் 17 பேர் செத்த தாமிரபரணி. எல்லாம் பிணம் விழுந்த இடங்கள். அங்கே போகத்தான் வேண்டும், தலை குனிந்து நிற்கத்தான் வேண்டும். ஆனால் நம் பிள்ளைக்கு நாம் காட்டுகிற வரலாறு முழுக்க, நம்மை எப்படிக் கொன்றார்கள் என்பது மட்டும்தானா? எப்படி வாழ்ந்தோம், எதைச் செய்தோம், எதைச் சமைத்தோம், எதைப் பாடினோம், எப்படிச் சிரித்தோம் என்பதை எங்கே காட்டுவோம்? கொலையை மட்டும் நினைவில் வைத்திருக்கிற சமூகத்தின் பிள்ளை பயத்தோடு வளரும். இல்லையென்றால் கோபத்தோடு மட்டும் வளரும். இரண்டும் போதாது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966-ல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைத் துரத்தி வீடுகளை இடித்தார்கள். 1994-ல் அங்கே ஒரு பழைய தேவாலயத்துக்குள் அந்த மக்களே ஒரு சிறிய அருங்காட்சியகம் வைத்தார்கள். தரையில் இடிக்கப்பட்ட தெருக்களின் வரைபடம். வந்து பார்க்கிற பழைய குடியிருப்புவாசிகள் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடித் தங்கள் பெயரை எழுதினார்கள். "நம்ம வீடு எங்கே" என்கிற கேள்விக்கு அங்கே தரையில் பதில் இருக்கிறது. சென்னையின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கியெறியப்பட்ட நம் சனத்துக்கு இப்படி ஒரு தரை வேண்டாமா? அதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். சாக்பீஸ் போதும்.

எங்கள் மாலைப் பள்ளியில் ஒரு மர அலமாரி போட்டோம். வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவரச் சொன்னோம். கருக்கரிவாள் வந்தது. செருப்புத் தைக்கிற ஊசி வந்தது. டி.சி. நிலப் பட்டாவின் கிழிந்த நகல் வந்தது. கிழிந்த பறை ஒன்றும் வந்தது. பறை வந்ததும் பழைய சண்டையும் கூடவே வந்தது. அது அடிமைச் சின்னம், வைக்கக் கூடாது என்றார் ஒருவர். அது விடுதலைக் கருவி என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதையும் ஒரு அட்டையில் எழுதி அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டோம்.

ஒரு ஆயா மட்டும் கொடுக்க மறுத்தாள். டீக்கடையில் அவளுக்கு ஊற்றிய கொட்டாங்குச்சியைப் பற்றிப் பேரன் கதையாகச் சொல்லியிருந்தான். அது மாதிரி ஒன்றை வைக்கலாமா என்று அவளிடமே கேட்டோம். "இன்னாத்துக்குடா அது? நான் குடிச்சது போதும். புள்ளைங்க பாக்க வாணாம்." சாயங்காலம் அவளே ஒரு கண்ணாடி டம்ளரோடு வந்தாள். "இத வையி. சண்ட போட்டு வாங்கினது." எங்கள் அலமாரியின் நடுத்தட்டில் இருப்பது அந்த டம்ளர்தான். எதை வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை பட்டவனுக்குத்தான் என்பதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவள் அவள்.

தோழர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். முதலையைக் காட்டுங்கள், ஊஞ்சலில் ஆட விடுங்கள், ஐஸ் வாங்கிக் கொடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, இதை யார் செய்தார்கள், யார் எடுத்தார்கள், பெயரட்டை எழுதியது யார் என்று கேட்கச் சொல்லுங்கள். பார்வையாளர் புத்தகம் இருந்தால் நம் வீடு எங்கே என்று பிள்ளையின் கையெழுத்திலேயே எழுத வையுங்கள். திரும்பி வந்து ஊரில் ஒரு அலமாரி போடுங்கள்.

சுடுகாட்டுப் பாதைக்கான மனுவின் நகலையும் அந்த அலமாரியில் வைத்திருக்கிறோம் தோழர். பாதை வாங்குகிற அன்றைக்குத் தேதி எழுத இடம் விட்டிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை தாலுக்கா ஆபீசுக்கு அதே வேன்தான் கிளம்புகிறது. பிள்ளைகளும் வருகிறார்கள்.